மருமகன் அடித்த கோல்

கோல் அடிக்கத் தெரியாத அணியை நேசிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பனிக்காலம் முடிந்து, மரங்கள் துளிர்விட்டு, மற்றவர்கள் வெயிலைப் பார்த்து முகம் மலரும் நாளில், இவர்கள் மட்டும் புல்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். புல் வளர்ந்தால் போட்டிகள் தொடங்கும். போட்டிகள் தொடங்கினால் மானம் போகும்.

நானும் அந்தக் கூட்டம்தான்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் ஜேர்மனியிலும் உதைபந்தாட்டம் ஆடுகின்றன என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். கல்லூரிகளுக்கு இடையிலிருந்த போட்டியை மட்டும் முழுதாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். கோடை வந்தால் ஒவ்வொரு பழைய மாணவர் சங்கமும் ஓர் அணியை இறக்கும். கொடி பிடிக்க ஆள் இருக்கும், கூடாரம் அடிக்க ஆள் இருக்கும், சோறு சமைக்க ஆள் இருக்கும். எங்கள் கல்லூரிக்குக் கோல் அடிக்க மட்டும் ஆள் இல்லை.

பின்வரிசையில் குறையே கிடையாது. நாற்பதைத் தாண்டிய அண்ணைமார், நிறுத்திய இடத்தில் நிற்பார்கள். (நகர ஏலாது என்பதைத்தான் நாங்கள் 'உறுதி' என்று சொல்லிக்கொண்டோம்.) முன்வரிசைதான் எங்கள் துயரம். ஒருவர் நன்றாக ஓடுவார்; பந்தும் ஓடும்; இரண்டும் வேறு வேறு திசையில். மற்ற இருவரும் கோல் வாசல்வரை பந்தை அழகாகக் கொண்டுபோவார்கள். போனதும் வீட்டில் பழக்கிய மரியாதை முன்னால் வந்து நின்றுவிடும். "நீங்கள் அடியுங்கோ அண்ணை" என்று ஒருவர் தள்ளுவார். "இல்லை, நீர் அடியும் தம்பி" என்று மற்றவர் திருப்புவார். எதிரணிக் கோல்காப்பாளர் இந்த உபசாரம் முடியும்வரை காத்திருந்து, பந்தைக் குனிந்து எடுத்துக்கொண்டு போவார்.

கடந்த கோடையில் எங்களுக்கு ஒரு கோல்கூட இல்லை. அந்தத் துக்கம் குளிர்காலம் முழுக்க எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உறைந்து கிடந்தது. அணிப் பொறுப்பாளர் குலம் அண்ணை நகரப் பேருந்து ஓட்டுபவர். கடைசித் தரிப்பிடத்தில் நிற்கும்போது குரல்பதிவு அனுப்புவார். பின்னணியில் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். "முன்னுக்கு ஆள் இல்லை. நான் இப்பவே சொல்லுறன், இந்த முறையும் போய்ப் புல்லு மேய்ஞ்சுபோட்டுத்தான் வருவம்."

நான் குரலில் அடங்குகிறவன் அல்ல. பந்தி பந்தியாக எழுதுவேன். 'நம் அணி ஒரு நதி. மலையிலிருந்து ஆர்ப்பரித்து வருகிறது, சமவெளியெங்கும் பாய்கிறது, கடலைக் கண்டதும் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுகிறது.' இதை ஒரு விடியற்காலையில் எழுதி அனுப்பிவிட்டு, எனக்கு நானே கண்கலங்கினேன். குலம் அண்ணையின் பதில் மதியம் வந்தது. "தம்பி, நதி இருக்கட்டும். முன்னுக்கு ஒராளைப் பிடியும்."

ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கல்லூரிக்காக ஒருநாளும் ஆடியதில்லை. அந்தக் காலத்திலும் கம்பிவேலிக்கு வெளியே நின்று கத்தியவன்தான். உதைபந்தாட்டத்தில் கருத்துச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய தகுதி உண்டோ?

இப்படிப் புல் வளர்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக் குசினியில், மகள் ஆரணி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, அப்பா, நான் ஒராளை விரும்புறன்" என்றாள்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் மனைவி வசந்தியின் கத்தி அந்தரத்தில் நின்றது. "ஆரின்ர பெடியன்? தாய் தகப்பன் எந்த ஊர்? என்ன வேலை?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டாள். பெயர் கீர்த்தன். பீலெஃபெல்ட். கட்டட வரைபட வேலை. ஆரணி சொல்லிக்கொண்டே கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள்.

அந்தப் படத்தை நான் எப்படி விவரிப்பேன்! மழையில் நனைந்த மைதானம். முழங்கால்வரை சேறு. காற்சட்டை, ஆணிச் சப்பாத்து. கால் நிலத்தில் படாமல் பறக்கிறான் பெடியன். பந்து அவனுக்கு ஒரு முழம் தள்ளி. மற்றவர்கள் எல்லாரும் அவனுக்குப் பின்னால். அவன் கண்கள் மட்டும், பசித்த பருந்தின் கண்கள்போல், பந்தின்மேல்.

"அப்பா, இவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் மைதானத்தில..." என்று ஆரணி தொடங்கினாள்.

"போதும் பிள்ளை" என்றேன். "எனக்குச் சம்மதம்."

வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டையைப் பெற்ற தகப்பன் கொஞ்சமாவது முறுக வேண்டாமா என்பது அந்தப் பார்வையின் பொருள். ஆரணியோ எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் பெருந்தன்மையை எண்ணி அவளுக்குக் கண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான போட்டி விதி என் நினைவுக்கு வந்திருந்தது. அணியில் பழைய மாணவர் ஆடலாம், அவர் மகன் ஆடலாம், அவர் மருமகனும் ஆடலாம்.

குலம் அண்ணைக்கு உடனே அழைத்தேன். "கலியாணம் எப்ப?" என்று கேட்டார். "இன்னும் கதையே தொடங்கேல்ல அண்ணை." "கலியாணம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. ரெண்டு பக்கமும் வாக்குக் குடுத்தால் போதும். தமிழனுக்கு வாக்குத்தானே பதிவு" என்று பேருந்திலிருந்தபடியே தீர்ப்பு வழங்கினார்.

கீர்த்தன் தாய் தகப்பனோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். தகப்பன் சிவநேசன் அண்ணை மெல்லப் பேசுகிற மனிதர். எந்தக் கல்லூரி என்று கேட்டேன். சொன்னார். எனக்குத் தேநீர் புரையேறியது. எங்கள் பரம எதிரி! அதாவது, மகன் என்ற முறையில் பெடியன் அந்தப் பக்கத்துக்கு ஆட வேண்டியவன். நல்லவேளை, அவர்கள் இன்னும் கேட்கவில்லை. நாங்கள் முந்திக்கொள்ள வேண்டும்.

வசந்தி சம்பிரதாயப்படி வேலை, வீடு, குடும்பம் என்று விசாரிக்க வாயெடுத்தாள். நான் குறுக்கே விழுந்தேன்.

"தம்பி, எந்தக் கால்?"

பெடியன் திகைத்தான். "விளங்கேல்ல அங்கிள்."

"வலது காலோ இடது காலோ? எது பலமான கால்?"

"வலது கால் மாமா." அங்கிள் மாமாவானதில் நான் உருகிப்போனேன்.

"மூச்சுப் பிடிக்குமோ?"

"முழு மட்சும் ஓடுவன் மாமா."

"பந்தை விட்டுத் தள்ளி நிற்கிற பழக்கம் உண்டோ?"

"இல்லை மாமா, கிட்டத்தான் நிற்பன்."

(வசந்தி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். இடது கால்.) நான் விடவில்லை. எங்கள் கல்லூரிக்கு முன்வரிசையில் ஆடுவீரோ என்று அந்த இடத்திலேயே கேட்டேன். பெடியன் ஆரணியைப் பார்த்தான். ஆரணி என்னைப் பார்த்தாள். சபையில், பெண்ணின் தகப்பன், முதல்முறையாக ஒன்று கேட்கிறார். எந்தத் தமிழ்ப் பெடியனுக்கு மறுக்க வாய் வரும்? "ஓம் மாமா" என்றான். சிவநேசன் அண்ணை சிரித்துக்கொண்டு, "உங்கட வீட்டுப் பிள்ளையெண்டு வந்திட்டுது. இனி நான் என்ன சொல்ல?" என்றார். வாக்குக் கொடுத்தாயிற்று. முதல் போட்டிக்கு அடுத்த ஞாயிறு மோதிரம் மாற்றுவதென்றும் முடிவாயிற்று.

அன்று குழுவில் நான் எழுதிய பந்தி இதுவரை எழுதியவற்றில் மிக நீளமானது. 'கடல் தன் நதியைத் தேடி வந்துவிட்டது' என்று முடித்திருந்தேன்.

கோடையின் முதல் சுற்றுப்போட்டியை எங்கள் சங்கமே நடத்தியது. ஊருக்கு வெளியே, சிறு தோட்டங்களை ஒட்டிய ஒரு மைதானம். மெல்லிய வெயில். கூடாரங்களிலிருந்து பொரியும் எண்ணெய் வாசம். அறிவிப்பாளர் மேசை என்னுடையது. சங்கத்தில் வர்ணனைக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று நான் எல்லாரையும் நம்பவைத்திருந்தேன். ஒரு கையில் ஒலிவாங்கி. மறுகையில் மிதிவெடி. (பதற வேண்டாம், முட்டை வைத்துப் பொரித்த ரோல்ஸுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்.) முதல் ஆட்டமே எங்களுக்கும் சிவநேசன் அண்ணையின் கல்லூரிக்கும். அவர் தன் பழைய தோழர்களோடு எதிர்க் கூடாரத்தில் இருந்தார். ஆரணியும் வசந்தியும் எங்கள் கூடாரத்தில்.

பெடியன் உண்மையிலேயே ஓடினான். பந்து எங்கே போனாலும் அங்கே நின்றான். ஆனால் பந்தைத் தொடவில்லை. பந்து வந்தால் அழகாக விலகி அதற்கு வழிவிட்டான். "இடம் அமைக்கிறார், ரசிகர்களே! இடம் அமைக்கிறார்!" என்று நான் விளக்கம் கொடுத்தேன்.

இடைவேளைக்குச் சற்று முன் எங்களுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. கோல் வாசலில் இரு அணியும் ஒரே குவியல். குவியலுக்குள் கீர்த்தன் குதித்தது தெரிந்தது. பந்து அவனில் பட்டு, திசை மாறி, மெதுவாக, மிக மெதுவாக, ஒரு மாடு தன் பட்டிக்குள் நுழைவதுபோல வலைக்குள் போனது.

நடுவர் ஜேர்மன்காரர். நடுக்கோட்டைக் காட்டினார். கோல்!

அதன்பிறகு நான் சொன்னவை ஒலிபெருக்கிகள் வழியாக அந்தப் பிரதேசம் முழுவதும் கேட்டன. "வானமே கேள்! மண்ணே கேள்! வறண்ட வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது! அடித்தவர் யார்? என் மருமகன்! என் வீட்டு விளக்கு! என் மகள் தேடிக் கண்டெடுத்த மாணிக்கம்!" அண்ணைமார் நகர்ந்தார்கள், ஓடினார்கள், ஒருவரையொருவர் தூக்கினார்கள். குலம் அண்ணை சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். பக்கத்துத் தோட்டத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே கீர்த்தன் மட்டும் சிரிக்காமல், ஒரு கையை உயர்த்திக்கொண்டு, நடுவரை நோக்கி நடந்தான். உயர்த்திய கையின் மணிக்கட்டை மற்றக் கையால் தட்டிக் காட்டினான். ஏதோ சொன்னான். நடுவர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, விசில் ஊதி, எதிரணிக்குப் பந்தைக் கொடுத்தார்.

பந்து கையில் பட்டதாம். அதை அவனே போய்ச் சொல்லியிருக்கிறான். யாரும் காணாத ஒன்றை!

எனக்குள் குளிர்காலம் முழுவதும் சேர்ந்த உறைபனி உடைந்து நொறுங்கியது. ஒலிவாங்கி கையில் இருந்ததை மறந்தேன் என்று சொன்னால் நம்புங்கள். "உவன் எனக்கு மருமகனே இல்லை!" என்றேன். "இந்தச் சம்பந்தம் முறிஞ்சுது!"

ஒலிபெருக்கி நல்ல தரமானது. "முறிஞ்சுது" என்ற சொல் மைதானத்தைச் சுற்றி, எதிர்க் கட்டடங்களில் மோதி, திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. தோட்டத்துக் கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இறைச்சி திருப்பும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

இடைவேளை விசில் ஊதியது. வசந்தி நிதானமாக நடந்து வந்து, என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி, விசையை அணைத்து, மேசையில் வைத்தாள். "இதை முதலே செய்திருக்கோணும்" என்றாள். "முப்பது வருசத்துக்கு முந்தி."

குலம் அண்ணை மூச்சிரைக்க ஓடிவந்தார், சட்டை இன்னும் கையில். "நீர் என்ன கதைச்சுப்போட்டீர்? பெடியன் உம்மட மருமகன் இல்லையெண்டால் முதல் பாதி விளையாடினது பிழை. எங்களைப் போட்டியிலயிருந்தே தூக்கிப்போடுவினம்!"

அவருக்குப் பின்னால், தேநீர்க் குவளையோடு, சிவநேசன் அண்ணை வந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கேட்டனான்" என்றார். "அப்ப பெடியன் உங்கட ஆள் இல்லைத்தானே? நல்லது. எங்கட கல்லூரியின்ர மகன். பிற்பாதிக்கு எங்களுக்கு விளையாடட்டும்."

"அண்ணை, அது வாய் தவறி..."

"வாய் தவறினதோ, மைக் தவறினதோ?"

நான் ஒலிவாங்கியை எடுக்க எழுந்தேன். இப்போதே அறிவித்துவிடலாம், மருமகன்தான் என்று. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கத்தில் ஆரணி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அழுமுன் அப்படித்தான் நிற்பாள். இப்போது அழவில்லை.

"அப்பா, இப்ப ஓடிவந்து சொல்லப் போறது டீமுக்காகவோ, எனக்காகவோ?"

குலம் அண்ணை வானத்தைப் பார்த்தார். வசந்தி என்னைப் பார்த்தாள். என்னிடம் அந்த நேரம் ஒரு உவமைகூட இல்லை.

"எழும்பேக்க டீமுக்காகத்தான் பிள்ளை" என்றேன். "பிறகு உன்ர முகத்தைக் கண்டனான்."

அவள் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தாள். "அவர் நடுவர், அப்பா. விளையாடுறவர் இல்லை. ஒவ்வொரு சனியும் சின்னப் பிள்ளையளின்ர மட்சுகளுக்கு விசில் ஊதப் போறவர். அண்டைக்குச் சொல்ல வந்தனான், நீங்கள் விடேல்ல."

அந்தப் படம் என் கண்முன் வந்தது. பந்துக்கு ஒரு முழம் தள்ளி. பருந்துக் கண்கள். நடுவரும் பந்துக்குப் பக்கத்தில்தான் ஓடுவார் என்பது உதைபந்தாட்டத்தில் கருத்துச் சொல்லியே வயதான எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

ஆரணி ஒலிவாங்கியின் விசையைப் போட்டு என் முன் நீட்டினாள். "சொன்னதை ஊருக்குச் சொன்னனீங்கள். திருப்பி வாங்கிறதையும் ஊருக்கு முன்னால வாங்குங்கோ."

வாங்கினேன். "கீர்த்தன் என்ர மருமகன். அவர் செய்தது சரி. நான் சொன்னது பிழை." அவ்வளவுதான். நதி, கடல், விளக்கு, மாணிக்கம் ஒன்றும் வரவில்லை. இரண்டு கூடாரங்களிலும் கை தட்டினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும், "அண்ணை, அப்பிடியே அந்தக் கோலையும் திருப்பி வாங்கித் தாங்கோ!" என்றது.

பிற்பாதியிலும் பெடியன் எங்களுக்கே ஆடினான். எங்கள் அண்ணைமார் எதிரணியை இடித்தபோதெல்லாம் பழக்கதோஷத்தில் கை உயர்த்தி, எதிரணிக்கு உதை கொடுக்கச் சொல்லி நடுவருக்கு உதவினான். தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் ஆரணி அவனுடைய காரில் ஏறிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் செய்தி வந்தது. அடுத்த ஞாயிறு மோதிரம் இல்லை. நான் பீலெஃபெல்ட் போய், அந்த வீட்டில் நேரே மன்னிப்புக் கேட்ட பிறகு யோசிப்பாளாம். தகப்பன் என்றால் விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் வசந்தியின் மகள்.

ரயிலில் போனோம். வசந்தியின் மடியில் பழக்கூடை. வழி நெடுக நான் மன்னிப்பு உரையை மனத்துக்குள் செதுக்கினேன். வாசலில் சிவநேசன் அண்ணை கதவைத் திறந்ததும் முழுவதும் மறந்துபோயிற்று.

"வாங்கோ" என்றார். உட்காரவைத்தார். தேநீர் வந்தது. நான் பிழை பிழை என்று திக்கினேன். அவர் கையமர்த்தினார்.

"அண்டைக்கு எங்கட கூடாரத்தில எல்லாரும் என்னைத்தான் பார்த்தினம். 'உந்தப் பிள்ளையைப் பெத்தது நீயோ சிவநேசன்' எண்டு கேட்டினம். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. வாழ்க்கையில ஒருக்கா அப்பிடி நிக்கிறன். அந்த நேரம் பார்த்து நீர் மைக்கில..." தேநீரைக் குடித்தார்.

ஒரு கோலுக்காக அந்த மனிதரின் கையிலிருந்து எதைத் தட்டிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பழக்கூடையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்துப் பாதியை என்னிடம் தந்தார்.

கீர்த்தன் உள்ளேயிருந்து வந்தான். "ஏன் தம்பி, நடுவர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நீங்கள் எந்தக் கால் எண்டுதான் மாமா கேட்டனீங்கள்" என்றான் மிகப் பணிவாக.

உள்ளே ஆரணி சிரிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தேநீர் இனித்தது.

கலியாணம் மாரி தொடங்குமுன் நடந்தது. பெரிய மண்டபம். இரண்டு கல்லூரிகளும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தன; யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. தாரை வார்க்கும் நேரம் வந்தது. ஐயர் மந்திரம் சொல்ல, நான் ஆரணியின் கையை எடுத்து, கீர்த்தனின் கையில் வைத்தேன். மண்டபம் அமைதியாக இருந்தது. வசந்தி தண்ணீர் வார்க்கச் செம்பைத் தூக்கினாள்.

அந்த அமைதியில், எதிர்க் கல்லூரிப் பக்கத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "கை! கையில பட்டிட்டுது!"

சிரிப்பில் மண்டபம் இடிந்து விழுந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். வசந்தியின் கையில் செம்பு ஆடி, தண்ணீர் பாதி என் வேட்டியில். சிவநேசன் அண்ணை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் மட்டும் செய்வதறியாமல் இருவர் கைகளையும் இறுகப் பிடித்தபடி இருந்தேன். கீர்த்தன் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"இது செல்லும், மாமா."

அவன் எனக்கு மட்டும் சொன்னதை வீடியோக்காரரின் ஒலிவாங்கி பிடித்துவிட்டது. ஆகவே குடும்பம் முழுவதும் பார்த்துவிட்டது. இப்போதெல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் எதைச் சொன்னாலும், அது அரசியலோ, சமையலோ, இந்த வருட முன்வரிசையோ, வசந்தி என்னிடம் பதில் பேசுவதில்லை. கரண்டியை வைத்துவிட்டு மருமகன் பக்கம் திரும்புவாள். "தம்பி, உது செல்லுமோ?"

அவன் விளையாட்டுக்குக்கூட உடனே சொல்லமாட்டான். கொஞ்சம் தலையைச் சாய்த்து, இரண்டு பக்கமும் யோசித்து, நேர்மையாகத் தீர்ப்புச் சொல்வான்.

பெரும்பாலும் செல்லாது.